வாத்து முட்டையும் முப்பத்தேழரை டிகிரியும்

1

மே மாதம் பிறந்தால் எங்கள் நாடி ஊரில் பழைய பேச்சு தொடங்கிவிடும். இரண்டாயிரமாவது வருஷம் இந்த மாதத்தில்தான் ஃபிஜியில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அன்றைக்கு யார் எங்கே இருந்தார்கள், எந்த வீட்டில் யார் கிளம்பிப் போனார்கள், போனவர்களில் யார் இன்னும் போன் பண்ணுகிறார்கள் என்று மார்டின்டார் கடைகளிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் இதே பேச்சு. எல்லோர் முகமும் தொங்கிப் போயிருக்கும். எங்கள் வீட்டில் நாங்கள் மட்டும் அந்த வருஷத்தை நினைத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பார்க்கிறவர்கள் இதுகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

பிரிஸ்பேனில் படிக்கும் என் மகள் நேற்று போனில் கூப்பிட்டு, "மம்மி, வோ பத்தக் வாலா கஹானி சொல்லு" என்றாள். பத்தக் என்றால் வாத்து, கஹானி என்றால் கதை. 'சொல்லு' ஒன்றுதான் அந்த வாக்கியத்தில் நான் கொடுத்த சொத்து. மற்றதெல்லாம் ஃபிஜி இந்தி. கோயம்புத்தூர்க்காரிக்கு இப்படி ஒரு பெண்! சரி என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவள், கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். எழுதுகிறேன்.

2

கோவையில் நான் ஒரு சின்னக் கம்பெனியில் வெப்பக் கன்ட்ரோலர்கள் செய்துகொண்டிருந்தேன். ஒரு பொருளை இத்தனை டிகிரியில் வை என்று சொன்னால், அதைக் கூட்டாமல் குறைக்காமல் அங்கேயே பிடித்து வைக்கிற கருவி. சேகர் அப்போது ஃபிஜியிலிருந்து டிப்ளமோ படிக்க வந்திருந்தார். அவருடைய முன்னோர்கள் கரும்பு வெட்ட மதராஸிலிருந்து கப்பலேறியவர்கள். அவரைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டாயிரம் ஜனவரியில் நாடியில் வந்து இறங்கினேன். மே மாதம் ஆட்சி கவிழ்ந்தது. "நீ வந்த நேரம்!" என்று சேகர் இன்றைக்கும் வம்பு இழுப்பார்.

என் விசாவை நீட்டிக்க அந்த ஜூனில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். வரிசை தெருவரைக்கும் நின்றது. அத்தனை பேரும் நாட்டைவிட்டு வெளியே போகப் பாஸ்போர்ட் கேட்டு நிற்கிறவர்கள். நானும் நின்றேன். வெயில் உச்சிக்கு வந்தபோது என் முறை வந்தது. ஜன்னலில் இருந்தவர் என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், நீங்கள் போகிறவரா?"

"இல்லை, இருக்கப்போகிறவள்."

"யாராவது வற்புறுத்துகிறார்களா?" என்று கேட்டார் பாருங்கள், அடக் கடவுளே! இல்லை என்றேன். அவர் எழுந்து உள்ளே போய் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மூவரும் சேர்ந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். அப்புறம் இருக்க விரும்புகிறவர்களுக்கான படிவம் தீர்ந்து போகவில்லை, தேடினால் கிடைக்கும் என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் "பேட்டி, பாகல் ஹை கா?" என்று கவலையோடு கேட்டார். மகளே, பைத்தியமா என்று அர்த்தம். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

3

பைத்தியமாகாமல் என்னைக் காப்பாற்றியது மங்கா அக்கா. சேகருடைய அண்ணன் கோவிந்தசாமி மாமாவின் மனைவி. நாடிக்கு வெளியே கரும்புக் காட்டின் நடுவில் அவர்கள் வீடு. இங்கே தமிழை மதராசி என்பார்கள். அந்த மதராசியில் என்னோடு மணிக்கணக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் அக்காதான். நான் பேசினால் "நீ இன்னா, கோயில்ல மந்திரம் சொல்றாப்ல பேசுற?" என்பாள். அவள் பேசினால் என் பாட்டன் காலத்து வார்த்தைகள் வந்து விழும். நடுவில் இந்தி வரும், ஃபிஜியன் வரும். எனக்கு அது அமுதமாக இருந்தது.

அந்த அக்காதான் போகப்போகிறாள் என்று ஆயிற்று. கரும்புக் காட்டின் குத்தகை அந்த வருஷத்தோடு முடிகிறது. ஃபிஜியர்களான நிலத்துக்காரர்கள் வீட்டையும் வீட்டைச் சுற்றிய இடத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், ஆனால் காடு இல்லை. ஆக்லாந்தில் இருக்கும் அக்காவின் தம்பி, மாமா, நீங்க கிளம்பி வாங்க என்று காகிதம் எல்லாம் முடித்து அனுப்பிவிட்டார். மாமாவுக்கோ எதற்கும் ஒரே பதில்தான்: "தேகேகா." பார்க்கலாம் என்று பொருள். ஆக்லாந்துக்கும் தேகேகா, இங்கே இருப்பதற்கும் தேகேகா. அப்படிச் சொல்லிச் சொல்லியே டிக்கெட் வரைக்கும் வந்துவிட்டது.

"எனுக்குப் போவ இஷ்டமில்ல சுகந்தி," என்றாள் அக்கா ஒருநாள், மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே. "அங்க கதவத் தொறந்தா பக்கத்து வூட்டு செவுருதான் தெரியுமாம். செவுருகிட்ட போயி இன்னாத்தப் பேசுறது?"

"மாமாகிட்டச் சொல்லுங்க அக்கா."

"சொன்னேன். கரும்பு இல்லாம இன்னா பண்ணுவேன், சும்மா குந்திக்கினு கெடக்க முடியுமான்றாரு. அவுருக்குக் கைக்கு ஒரு வேல இருந்தா போதும், எங்கியும் போவ மாட்டாரு."

எனக்கும் அவள் போகக்கூடாது. அவள் போனால் இந்த ஊரில் நான் யாரோடு பேசுவேன்? சுயநலம்தான், இருக்கட்டும்.

வேலை என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டபோது, பதில் ஊர் முழுக்கச் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. இங்கே வழியனுப்பு விருந்து என்றால் வாத்துக் கறி. கோழி போட்டால் கௌரவக் குறைச்சல், ஆடு போட்டாலும் 'வாத்து எங்கே?' என்று கேட்பார்கள். அந்த வருஷம் வாரத்துக்கு நாலு வீட்டில் வழியனுப்பு. நாடி வட்டாரத்து வாத்துகள் எல்லாம் குழம்பாகி முடிந்துவிட்டன. தூரத்து நவுவா வரைக்கும் ஆள் அனுப்பித் தேடினார்கள். முட்டையிட ஒன்றிரண்டு பெட்டைகளை ஒளித்து வைத்தவர்கள் உண்டு. ஆனால் அடைகாக்க உட்கார்ந்த பெட்டையைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் படுபாவிகள்.

"முட்டை கிடைக்கும், அடைகாக்கத்தான் ஆளில்லை," என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

4

சுற்றுலாக்காரர்கள் வராததால் மார்டின்டாரில் ஒரு ஓட்டல் பாதி அறைகளை மூடி, அறைக்குள் இருந்த குட்டி ஃப்ரிட்ஜ்களை வெளியே அடுக்கி வைத்திருந்தார்கள். சத்தமே போடாத ஃப்ரிட்ஜ்கள். உள்ளே கம்ப்ரசர் கிடையாது. பிஸ்கட் அளவுக்கு ஒரு வெள்ளைச் சில்லுதான். அதில் கரண்ட் ஓடினால் ஒரு முகம் குளிரும், மறு முகம் சுடும். கரண்டைத் திருப்பி ஓட்டினால் குளிர்ந்த முகம் சுடும், சுட்ட முகம் குளிரும். இதைவிட வேடிக்கையான பொருள் உலகத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

முட்டைக்குச் சூடுதானே வேண்டும், ஒரு பல்பு போதாதா என்று சேகர் கேட்டார். போதாது. முட்டைக்கு முப்பத்தேழரை டிகிரி. பெட்டியை வைக்க இருந்த மாமா வீட்டுத் தகரக் கொட்டகையிலோ விடிகாலையில் பல் கிட்டும், நடுப்பகலில் அப்பளம் சுடலாம். போதாக்குறைக்கு, முட்டைக்குள் குஞ்சு வளர வளர அதுவே சூடு கிளப்பும். அப்போது குளிர்விக்கவும் வேண்டும். சூடும் தரணும், குளிரும் தரணும், எது எப்போது என்று தானே முடிவு பண்ணவும் வேண்டும். அதுதானே என் பிழைப்பு! ஓட்டல்காரரிடம் கேட்டு ஒரு ஃப்ரிட்ஜை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். கோவையிலிருந்து துணிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்த பாகங்களை வைத்து ஒரு கன்ட்ரோலர் கட்டினேன். அது மூன்று விஷயத்தைப் பார்க்கும்: இப்போது எவ்வளவு பிசகு, இதுவரை சேர்ந்த பிசகு எவ்வளவு, இப்படியே போனால் இனி எவ்வளவு பிசகும். சேகர் முதலாவதற்கு மட்டும் குதிப்பார், மாமா இரண்டாவதையே நினைத்துப் பெருமூச்சு விடுவார், அக்காவுக்கு எப்போதும் மூன்றாவது பயம். மூன்றையும் அளவாகக் கலந்தால் வெப்பம் ஆடாமல் நிற்கும். கலக்கத் தெரியாவிட்டால் நாற்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் ஊஞ்சலாடும்.

எனக்கு முதல் வாரம் ஊஞ்சல்தான். நல்லவேளை, முட்டைக்குப் பதில் தண்ணீர்ப் புட்டிகளை வைத்துப் பார்த்தேன். பிறகு நின்றது பாருங்கள், முப்பத்தேழரையில் ஆணி அடித்த மாதிரி! கொட்டகையில் தனியாகக் கைதட்டினேன். அன்றைக்கே அக்காவும் நானும் சொந்தக்காரர் வீடுகளில் ஏறி இறங்கிச் சேர்த்த வாத்து முட்டைகளைத் துடைத்து உள்ளே அடுக்கினோம்.

மாமா வாசலில் நின்று பார்த்தார். "பீர் வைக்கிற பொட்டில வாத்து பொரிக்குமா?"

"பொரிக்கும் மாமா."

"பொரிச்சா இங்கியே இருந்து வாத்து வளக்கலாம்னு உங்க அக்கா சொல்றா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"தேகேகா," என்றார் மாமா.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

5

இந்த ஊர் வாத்து ஜாதி பொரிக்க ஐந்து வாரம். மாமாவுக்கும் அக்காவுக்கும் அவர்கள் வீட்டிலேயே மாமாவின் தங்கை வீட்டார் ஏற்பாடு செய்த வழியனுப்பு விருந்து சரியாக அந்த ஐந்தாவது வாரக் கடைசியில் வந்து நின்றது. ஊரடங்கு இருந்ததால் அப்போது விருந்தெல்லாம் பகலில்தான். வாத்து கிடைக்காமல் ஆட்டுக்கறி. "வாத்து இல்லாத வழியனுப்பா, இது நியாயமா?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தார்கள்.

முந்தின நாளே முட்டைகளில் கீறல் விட்டிருந்தது. உள்ளே கீச்சென்று சத்தம். அன்றைக்கென்று மேகம் மூடிக் குளிர்காற்று வேறு. மலைமேல் மின் நிலையத்தில் தகராறு என்று அந்த நாட்களில் கரண்ட் அடிக்கடி போகும். விருந்து சூடு பிடிக்கும் நேரத்தில் போயே போயிற்று.

எனக்குப் பயமில்லை. அந்தச் சில்லுக்குப் பன்னிரண்டு வோல்ட் போதும், ஒரு பேட்டரி இருந்தால் ஓடும். மாமாவின் பழைய டிராக்டரை சேகர் கொட்டகை ஓரத்துக்குக் கொண்டுவந்தார். பேட்டரி அதன் இருப்பிடத்தில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பரவாயில்லை என்று நீள வயர் இழுத்து, ஒரு கிளிப்பை மேலே தெரிந்த முனையிலும், இன்னொன்றை எல்லா வண்டியிலும் மைனஸுக்குச் செய்கிற மாதிரி டிராக்டரின் இரும்பு உடம்பிலும் மாட்டினார்.

டப்! என் கன்ட்ரோலரிலிருந்து நீலப் புகை வந்தது.

மாமா ஓடிவந்தார். "டேய்! இது பழய வெள்ளக்காரன் டிராக்டர்டா! இதுல ஒடம்புதான் ப்ளஸ்ஸு!"

"முன்னாடியே சொல்றதில்லையா அண்ணே?"

"நீ கேட்டியாடா?"

அண்ணன் தம்பி சண்டை போடட்டும் என்று பெட்டிக்குள் பார்த்தேன். கன்ட்ரோலர் போனதோடு, சூட்டைப் பரப்புகிற விசிறியும் போயிருந்தது. தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. ஓட்டைக் குத்திக்கொண்டிருந்த குஞ்சுகள் குத்துவதை நிறுத்திவிட்டன. ஐந்து வாரம், என் அக்கா, எல்லாம் அந்த முட்டைக்குள்தானே இருந்தது!

மங்கா அக்கா வந்து என் கையிலிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தாள். "எவ்ளோ வேணும்?"

"முப்பத்தேழரை அக்கா."

"மனுசனுக்கு எவ்ளோ?"

"முப்பத்தேழு," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அக்கா முட்டைகளை முந்தானையில் வாரி எடுத்துக்கொண்டு நேரே விருந்துப் பாய்க்குப் போனாள். "யாரும் எந்திரிக்காதீங்க! ஆளுக்கு ஒண்ணு புடிங்க. சட்டைக்குள்ள வுட்டு வவுத்தோட வெச்சிக்கோங்க. கீறல் மேல பாத்து இருக்கணும். எவனாச்சும் ஒடச்சீங்க, சோறு கெடையாது!"

எதற்கு என்றுகூட யாரும் கேட்கவில்லை. அக்கா அந்தக் குரலில் பேசினால் கேட்க முடியாது. தையல்கடைக் காதர் பாய் சட்டைப் பொத்தானைக் கழற்றி ஒன்றை உள்ளே விட்டார். நிலத்துக்காரர் வீட்டுத் தோமாசி, மாமாவோடு சிறுவயதிலிருந்து கரும்பு வெட்டியவர், தன் பெரிய வயிற்றில் இரண்டைத் தாங்கிக்கொண்டு "சேங்கா நா லெங்கா" என்றார். கவலைப்படாதே என்று சொல்வார்கள் இங்கே. சேகருக்கு ஒன்று. மாமாவுக்கு ஒன்று. பெண்களுக்கெல்லாம் ஒவ்வொன்று. நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு, புதுப் பெண் என்ற கூச்சத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, சட்டை சட்டையாக அளந்துகொண்டு போனேன். தோமாசி வயிறு பிரமாதம். காதர் பாய் கொஞ்சம் குறைவு; ஒரு துண்டைச் சுற்றிவிட்டேன்.

இங்கே விருந்தென்றால் யங்கோனா இருக்கும். ஒரு வேரை இடித்துக் கரைத்த பானம், சிரட்டையில் தருவார்கள். வாங்குமுன் ஒரு தட்டு, குடித்தபின் மூன்று தட்டு கை தட்டியே ஆகவேண்டும். தட்டாவிட்டால் பெரிய மரியாதைக் குறைவு. ஒரு கை முட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தால் எப்படித் தட்டுவது? தோமாசி யோசித்தார். பிறகு மகா கம்பீரமாக வாயாலேயே "டொப்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் சிரட்டை போன பக்கமெல்லாம் டொப், குடித்ததும் டொப் டொப் டொப். ஒரு கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் டொப் டொப் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சிரித்தால் முட்டை குலுங்கும் என்று அக்கா மிரட்டியதால் சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

வழியனுப்பு என்றால் பேச்சு உண்டு. காதர் பாய்தான் பேசவேண்டியவர்; இங்கே எந்த அண்ணனும் பாய்தான். உட்கார்ந்தபடியே தொடங்கினார். "கோவிந்தசாமி பாய் நம்ம எல்லாரையும் வுட்டுட்டுப் போறாரு. இவுரு போனா இந்த ரோட்டுல..." பேச்சை விட்டுவிட்டுத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த அமைதியில் அவர் சட்டைக்குள்ளிருந்து "கீ... கீ..." என்று ஒரு குரல்.

"யா அல்லா! வவுத்துக்குள்ள பேசுதே!"

அடுத்து தோமாசியிடமிருந்து கீ. அப்புறம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம். ஐயோ, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்! ஈரம் சொட்டும் அசிங்கமான, அழகான, கோணல் கழுத்துக் குஞ்சுகள் பெரிய மனிதர்களின் சட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டின. பெண்கள் கூவினார்கள். சேகர் தன் கையிலிருந்த வாத்துக்குஞ்சைக் காட்டி "ஆயிடுச்சு, ஆயிடுச்சு!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். வாத்துக்கறி இல்லை என்று குறை சொன்னவர்கள் எல்லாம் வாத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா மட்டும் தூணில் சாய்ந்து, பனியனுக்குள் கையை விட்டபடி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முட்டையில் சத்தமே வரவில்லை. அக்கா தூரத்தில் நின்று அவரையே பார்த்தாள். நான் தெர்மாமீட்டரோடு பக்கத்தில் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு அவர் மீசை துடித்தது. "குத்துது," என்றார் மெதுவாக. "தோலப் புடிச்சுக் குத்துது சுகந்தி." பனியனுக்கு மேலே ஒரு ஈரத் தலை வந்து, அவர் தாடியைப் பார்த்து, கீ என்றது.

6

பொரித்தாயிற்று. இனி அதுகளைக் காயவைத்துக் கதகதப்பாக வைக்கவேண்டும். கரண்ட் இல்லை, கன்ட்ரோலர் கருகிவிட்டது. "கம்பளி ஏதாவது வேணுங்க, கம்பளியும் ஒரு பெரிய பெட்டியும்," என்று நான் கத்தினேன். ஃபிஜியில் கம்பளிக்கு எங்கே போவது?

அக்கா வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது ஒரு பெரிய பயணப் பெட்டியைத் தரதரவென்று இழுத்து வந்தாள். ஆக்லாந்துக்கு என்று கட்டிப் பூட்டி வைத்திருந்தது. எல்லோர் முன்னாலும் விருந்துப் பாயின் நடுவில் வைத்துத் திறந்தாள். புடவைகளை எடுத்து ஓரமாக எறிந்தாள். மாமாவின் கோட்டு போயிற்று, புதுச் செருப்பு போயிற்று. அடியில் அவள் தம்பி குளிருக்கென்று அனுப்பியிருந்த கம்பளி ஸ்வெட்டர்கள். அவற்றைப் பெட்டி முழுக்கப் பரப்பி, நடுவில் பள்ளம் செய்தாள்.

ஒவ்வொருவராக எழுந்து வந்து வாத்துக்குஞ்சை உள்ளே விட்டார்கள். காதர் பாய் விட மனமில்லாமல் விட்டார். கடைசியில் மாமா ஒருவர்தான் பாக்கி. அவர் பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பனியனுக்குள்ளிருந்து வாத்துக்குஞ்சை எடுத்தார்.

"இது ஒந்தம்பி அனுப்புன சொட்டரு."

"ஆமா," என்றாள் அக்கா.

"இதுல பீ பேஞ்சி வெச்சிடும்."

"பேயட்டும்."

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். தேகேகா என்று மட்டும் சொல்லிவிட்டால் அந்தக் குஞ்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவது என்று நான் தயாராக நின்றேன். அவர் சொல்லவில்லை. குஞ்சைக் கம்பளிப் பள்ளத்தில் இறக்கி, மற்றக் குஞ்சுகளை இரண்டு விரலால் நகர்த்தி அதற்கு இடம் பண்ணினார்.

"அப்ப நாங்க உங்கள வழியனுப்ப வேணாமா பாய்?" என்று காதர் பாய் கேட்டார்.

"எங்க போறது?" என்றார் மாமா. "பொட்டில எடம் இல்லியே."